லாகூர் மனநோய் ஆஸ்பத்திரியும் மண்ட்டோவும்

பழைய டில்லியில் மோரி கேட் பக்கம், நகரச் சுவரை ஒட்டிச் செல்லும் நிக்கல்சன் ரோடில் 1941ஆம் ஆண்டு ஓர் இளம் உருது எழுத்தாளர் குடியிருந்தார். ஹசன் பில்டிங் என்ற கட்டடத்தில் வீடு. மனைவி, கைக்குழந்தை. வேலை அலிப்பூர் ரோடில் இருந்த வானொலி நிலையத்தில். பார்லிமெண்ட் வீதியில் உள்ள வானொலி மாளிகை அப்போது திறக்கப்படவில்லை. மற்ற எழுத்தாளர்கள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, இவர் உருது டைப்ரைட்டரில் காகிதத்தைச் செருகி நேராக நாடகத்தைத் தட்டி முடித்துவிடுவார். ஒன்றரை வருஷ உத்தியோகத்தில் நூறுக்கு மேற்பட்ட வானொலி நாடகங்கள்! அவர்தான் சாதத் ஹசன் மண்ட்டோ.

உருதுச் சிறுகதை என்றதும் முதலில் சொல்லப்படும் பெயர் அவருடையது. ஆபாசமாக எழுதினார் என்று ஆறு முறை கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டவர் என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் மனநோயாளிகளின் சரித்திரத்திலும் அவருக்கு ஓர் இடம் உண்டு. அதை நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு.

மண்ட்டோ 1912ஆம் ஆண்டு மே 11ஆம் தேதி, லூதியானா ஜில்லா சம்ராலாவில் பிறந்தார். தந்தை நீதித்துறை உத்தியோகஸ்தர், மிகக் கண்டிப்பானவர். பிள்ளை வளர்ந்தது அமிர்தசரசில். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தவறியவர். அதிலும் உருதுப் பாடத்தில்! அலிகார் சர்வகலாசாலைக்குப் போனார். காசநோய் என்று சந்தேகித்து, படிப்பு பாதியில் நின்றது. பிறகு பம்பாய், சினிமாப் பத்திரிகை, 1939ல் கல்யாணம், 1941ல் டில்லி.

அவர் பிறந்த அதே 1912ல்தான் இந்தியப் பைத்தியக்காரர் சட்டம் வந்தது. ஒருவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று உறவினர் மனுக் கொடுத்து, டாக்டர்கள் இருவர் சர்டிபிகேட் எழுதினால், மாஜிஸ்ட்ரேட் ஆர்டர் போடுவார். ஆஸ்பத்திரிக் கதவு அந்த ஆர்டருக்குத்தான் திறக்கும். தெருவில் திரிகிறவராக இருந்தால் போலீஸ்காரரே பிடித்துக்கொண்டு போய் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தலாம். உள்ளே போவதற்குக் காகிதம் வேண்டும்; வெளியே வருவதற்கும் காகிதம் வேண்டும். பொறுப்பேற்று அழைத்துப் போக வீட்டிலிருந்து யாரும் வராவிட்டால் ஆயுசு முழுவதும் உள்ளேயே கழியும். 1920களில் பைத்தியக்கார விடுதி என்ற பெயரை எடுத்துவிட்டு மனநோய் ஆஸ்பத்திரி என்று வைத்தார்கள். பெயர் மாறிய வேகத்தில் உள்ளே எதுவும் மாறவில்லை. சுதந்திரத்துக்கு முந்திய வருஷம் போர் கமிட்டி கணக்கெடுத்தபோது, 40 கோடி ஜனங்கள் உள்ள தேசத்தில் மனநோய்க்கென்று இருந்த படுக்கைகள் சுமார் 10,000தான்.

டில்லிவாசிகளில் மனநோய் கண்டவர்களும் அப்போது லாகூருக்குத்தான் போனார்கள். பஞ்சாப் மனநோய் ஆஸ்பத்திரி என்பது அங்கேதான் இருந்தது. பஞ்சாப், டில்லி, வடமேற்கு எல்லை மாகாணம் என்று பல பிரதேசத்து ஜனங்கள், பல பாஷைக்காரர்கள், அந்தச் சுவர்களுக்குள் இருந்தார்கள்.

மண்ட்டோவுக்கு அதெல்லாம் அப்போது சம்பந்தமில்லாத விஷயம். டில்லி அவருக்கு ராசியில்லாத ஊராயிற்று. ஒரே ஆண் குழந்தை ஆரிஃப் ஒரு வயது அளவில் இங்கேதான் இறந்தது. அந்தத் துக்கம் அவரைக் கடைசிவரை விடவில்லை. ஆபீசிலும் தகராறு. தம் எழுத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும் பொறுக்காதவர். நாடகம் ஒன்றைத் திருத்தினார்கள் என்ற சண்டையில் 1942ல் டைப்ரைட்டரை எடுத்துக்கொண்டு மறுபடி பம்பாய்க்கே போய்விட்டார். அங்கே 1946ல் வெளிவந்த ‘ஆட் தின்’ என்ற படத்தில் ஒரு சிறு வேஷமும் போட்டார். யுத்தத்தில் மனம் கலங்கிய விமானப்படை அதிகாரியின் வேஷம். வேறு யாருக்கோ நிச்சயித்திருந்த பாத்திரம் தற்செயலாக இவர் தலையில் விழுந்தது என்பார்கள்.

1947ல் தேசம் இரண்டாயிற்று. 1948 ஜனவரியில் மண்ட்டோ லாகூர் போய்ச் சேர்ந்தார். சினிமா வருமானம் நின்றது. குடி அதிகமாயிற்று. பத்திரிகைக்காரர்களிடம் அன்றாடம் ஒரு கதை கொடுத்து, அன்றே பணம் வாங்கி, அன்றே பாட்டிலுக்குக் கொடுக்கிற நிலை. மனைவி சஃபியாவும் மூன்று பெண் குழந்தைகளும் பட்ட கஷ்டத்தை, அவர் மேதை என்ற காரணத்துக்காகக் குறைத்துச் சொல்லக் கூடாது.

இந்த நேரத்தில் இரண்டு சர்க்கார்களும் சொத்துக்களைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. மேஜை, நாற்காலி, லைப்ரரிப் புஸ்தகம் வரை பிரித்தார்கள். சிறைக் கைதிகளை மாற்றிக்கொள்ள 1948லேயே இந்தியாவில் சட்டம் வந்தது. மனநோயாளிகளின் முறை அதற்குப் பிறகுதான் வந்தது. லாகூரில் இருந்த ஹிந்து, சீக்கிய நோயாளிகளின் சொந்தக்காரர்கள் எல்லோரும் எல்லை தாண்டிப் போய்விட்டார்கள். பார்க்க வரும் உறவினர் இல்லை; கொண்டுவரும் பலகாரம் இல்லை. இந்தியப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் முஸ்லிம் நோயாளிகளுக்கும் இதே கதி. மூன்று வருஷங்கள் இப்படியே போயின.

1950ல் மாற்றம் நடந்தது. லாகூரிலிருந்து ஏறக்குறைய 450 பேர் அமிர்தசரசுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். இங்கிருந்து 200க்கு மேற்பட்டவர்கள் அங்கே போனார்கள். அமிர்தசரஸ் வந்தவர்களில் ஒரு பகுதியினரை அங்கே வைத்துக்கொள்ளாமல் தொலைவில் உள்ள ராஞ்சிக்கு அனுப்பினார்கள். யார் எங்கே போக வேண்டும் என்பதை ரிஜிஸ்தரில் எழுதியிருந்த மதம் தீர்மானித்தது. வியாதி தீர்மானிக்கவில்லை, சொந்த ஊரும் தீர்மானிக்கவில்லை. சித்த சுவாதீனம் இல்லாதவன் என்று சட்டம் சொல்லிவிட்ட பிறகு, அவன் சம்மதத்தை யார் கேட்கப் போகிறார்கள்?

இந்த மாற்றம் முடிந்த சிறிது காலத்தில், 1950களின் தொடக்கத்தில், அதே லாகூர் ஆஸ்பத்திரிக்குள் மண்ட்டோ நோயாளியாக நுழைந்தார். குடிப்பழக்கத்தை நிறுத்துவதற்காகக் குடும்பத்தார் சேர்த்தார்கள். குடிக்கென்று தனி ஆஸ்பத்திரி ஏது அந்தக் காலத்தில்? மனநோய் ஆஸ்பத்திரியில் ஒரு வார்டுதான் உண்டு. மனநோயைத் தணிக்கும் நவீன மாத்திரைகள் நம் பக்கத்துக்கு வராத சமயம் அது. தூக்க மருந்து, இன்சுலின் ஊசியால் நினைவிழக்கச் செய்வது, மின்சார அதிர்ச்சி, இல்லாவிட்டால் பூட்டிய அறை. மனநோய்க்கு இவையே வைத்தியம். மண்ட்டோ குணமாகி வெளியே வந்தார், சில காலம் நன்றாக எழுதினார், மறுபடி குடித்தார்.

உள்ளே இருந்த நாட்கள் வீண் போகவில்லை. கடைசி வருஷங்களில் அவர் எழுதிய ‘டோபா டேக் சிங்’ கதை அந்த நோயாளி மாற்றத்தைப் பற்றியதுதான். கதாநாயகன் பிஷன் சிங் என்ற சீக்கியர். பதினைந்து வருஷமாக உட்காராமல் நின்றுகொண்டே இருப்பவர். தம் ஊர் எந்த தேசத்தில் இருக்கிறது என்ற ஒன்றைத்தான் அவர் எல்லோரிடமும் கேட்கிறார். வாகா எல்லையில் போகமாட்டேன் என்று நின்று, இரு தேசத்து முள்வேலிகளுக்கும் நடுவே விழுந்துவிடுகிறார். தேசப் பிரிவினைக் கதை என்றே இதைப் படிக்கிறோம். ஆனால் ஆஸ்பத்திரி வார்டுக்குள் இருப்பவர்களுக்கும் ஊர் உண்டு, ஆசை உண்டு, வாதம் செய்யும் புத்தியும் உண்டு என்று காட்டிய கதையும் இதுவே. வெளியே இருந்து வேடிக்கை பார்த்தவர் எழுதியிருந்தால் வெறும் கேலியாகப் போயிருக்கும்.

அமிர்தசரசுக்கு வந்தவர்களுக்கு ஒரு நல்ல காலம் பிறந்தது. டாக்டர் வித்யாசாகர் என்பவர் அங்கே சூபரின்டெண்டெண்டாக வந்தார். ஆஸ்பத்திரியில் இடம் போதாது. வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளியோடு அவர் குடும்பத்தாரும் வந்து தங்கட்டும் என்றார். தாயோ மனைவியோ பக்கத்தில் இருந்து சோறு ஊட்ட, டாக்டர் எல்லோரையும் உட்காரவைத்து வியாதியைப் பற்றிப் பேசுவார். வருஷக் கணக்கில் கிடந்திருக்க வேண்டியவர்கள் வாரக் கணக்கில் வீடு திரும்பினார்கள். பணம் இல்லாத ஆஸ்பத்திரியில் நடந்த காரியம் இது! நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநோய்ப் பிரிவும் 1950களிலேயே குடும்பத்தோடு தங்க வைக்கும் முறையைக் கைக்கொண்டது.

மண்ட்டோ இதையெல்லாம் பார்க்க இருக்கவில்லை. 1955 ஜனவரி 18ஆம் தேதி, கல்லீரல் கெட்டு, லாகூரில் காலமானார். வயது 42. டில்லிக் கவிஞர் காலிபைப் பற்றி அவர் எழுதிய கதை ‘மிர்ஸா காலிப்’ என்ற படமாகி ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் பெற்றது. பதக்கம் வழங்கிய சமயத்தில் கதாசிரியர் உயிரோடு இல்லை.

டில்லிக்கென்று மனநோய் ஆஸ்பத்திரி ஷாதராவில் 1966ல்தான் வந்தது. அதன் சீர்கேடுகள் 1980களில் சுப்ரீம் கோர்ட்வரை போயின. கோர்ட்டு உத்தரவுகளுக்குப் பிறகு 1993ல் ‘இஹ்பாஸ்’ என்ற புதிய ஸ்தாபனமாக அது மாற்றப்பட்டது. ஊரும் பேரும் சொல்லத் தெரியாமல் வந்து, தெளிந்த பிறகு முகவரி சொல்லி, வெளி மாநிலங்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அங்கே உண்டு. பிழைப்புக்காக டில்லி வந்து, பாஷை தெரியாத ஊரில் மனம் கலங்கிப் போனவர்கள் அவர்களில் பலர்.

மண்ட்டோ பிறந்த ஆண்டில் வந்த சட்டம், அவர் இறந்து 38 வருஷங்கள் கழிந்து, 1993 ஏப்ரல் முதல் தேதிதான் முடிவுக்கு வந்தது. அதன் இடத்தில் வந்த சட்டமும் போய், 2018 மே மாதம் முதல் புதிய சட்டம் அமுலில் இருக்கிறது. புத்தி தெளிவாக இருக்கும்போதே, பின்னால் வியாதி வந்தால் தமக்கு என்ன வைத்தியம் செய்யலாம், என்ன செய்யக் கூடாது, தம் சார்பில் யார் பேசவேண்டும் என்பதை ஒருவர் எழுதி வைக்க அது இடம் கொடுக்கிறது.