பேராசிரியர் மிச்சி ஸ்மித்

சேர்வராயன் மலைமீது விடுமுறையைக் கழிக்கச் செல்வோர்க்கு ஏற்காட்டு ஏரிக்கரையில் அரியதொரு காட்சி சிற்சில நாட்களில் வாய்ப்பதுண்டு. மெல்லிய வெண்மேகம் வானில் மிக உயரே பரந்திருக்க, ஞாயிற்றையேனும் முழுமதியையேனும் நடுவே கொண்டு பெரியதோர் வட்டம் தோன்றும். நூலோர் இதனை ஊர்கோள் என்றும் பரிவேடம் என்றும் வழங்குவர். நாட்டுப்புறத்தார் நிலவு கோட்டை கட்டியிருக்கிறதென்பர். மேகத்திலுள்ள அறுகோணப் பனித்துகள்கள் ஒளியை 22 பாகை அளவில் வளைப்பதால் இவ்வட்டம் உண்டாகிறது. கையை முன்னே நீட்டி விரல்களை விரித்தால், ஒரு சாண் ஏறக்குறைய அதன் ஆரத்தை அளந்து காட்டும். இதனைப் படம்பிடிக்க விரும்புவோர், கண்ணுக்கும் கருவிக்கும் தீங்கு நேராதபடி, சூரிய பிம்பத்தை ஒரு மரத்தின் அடிப்பகுதியால் மறைத்து நின்றே எடுத்தல் வேண்டும்.

இத்தகைய வான்தோற்றங்களை வியந்து நின்றுவிடாமல், நாளும் நாழிகையும் குறித்து வைத்த பெரியார் ஒருவரை நாம் இங்கே நினைவுகூர்கிறோம். அவரே சார்லஸ் மிச்சி ஸ்மித். ஸ்காத்லாந்து தேசத்தில் அபர்தீன் மாகாணத்துக் கீக் என்னும் சிற்றூரில், 1854ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 13ஆம் நாள், போதகர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். எபிரேய அறபு மொழிகளில் பெரும்புலமை எய்திய வில்லியம் ராபர்ட்ஸன் ஸ்மித் அவருக்குத் தமையனார். இளம் பிராயத்திலேயே சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் பௌதிக ஆசிரியராக வந்து சேர்ந்தார்.

1883ஆம் ஆண்டு ஆகஸ்டு 26, 27ஆம் நாட்களில் சுந்தா நீரிணையில் கிரக்கத்தோவா எரிமலை வெடித்துச் சிதறிற்று. இரு வாரம் சென்றபின், செப்டம்பரில், சென்னை மக்கள் பச்சை நிறச் சூரியனைக் கண்டனர். பலரும் திகைத்து நின்ற அவ்வேளையில், நம் பேராசிரியர் ஒளியைப் பகுத்துக் காட்டும் நிறமாலைக் கருவியை அச்சூரியன்பால் திருப்பினார். செந்நிறப் பகுதி பெரிதும் மங்கியிருப்பதையும், நீராவியால் விளையும் கருங்கோடுகள் தடித்திருப்பதையும் கண்டு எழுதிவைத்தார். அதே செப்டம்பரில் ஹொனலூலுவில் போதகர் செரீனோ பிஷப் சூரியனைச் சுற்றி மங்கிய செவ்வட்டமொன்றைக் கண்டு குறித்தார். அது பனியால் அன்று, எரிமலைத் தூசியால் ஆயது. இன்றும் பிஷப் வளையம் என்றே பெயர் பெறும்.

பச்சைச் சூரியன் சின்னாட்களில் மறைந்தது, குறிப்புகளோ நிலைத்தன. பல தேசத்தார் எழுதியவற்றை ஒருங்கே வைத்து ஆராய்ந்த இலண்டன் இராயல் சங்கத்தார், எரிமலைத் தூசி வானில் உலகையே சுற்றிவந்த வழியை 1888ஆம் ஆண்டின் அறிக்கையில் விளக்கினர். ஒரு கல்லூரி ஆசிரியர் எழுதிய நாட்குறிப்பும் அம்முடிபுக்குத் துணை நின்றது.

சூரியனை ஆராயத் தூசியற்ற தெளிந்த வானம் வேண்டும். அதனை நாடி 1883 முதல் 1885 வரை பழனி மலையிலும் நீலகிரியிலும் ஸ்மித் சோதனைகள் நடத்தினார். சென்னை வானாராய்ச்சி நிலையத் தலைவர் பாக்ஸன் 1891இல் காலமாகவே, அப்பதவி இவரை அடைந்தது. இடம் பற்றிய வாதங்கள் நெடுங்காலம் நிகழ்ந்தன. இறுதியில் கோடைக்கானலே தெரிந்தெடுக்கப்பட்டது. 1895இல் ஆளுநர் வென்லாக் பிரபு அங்கே அடிக்கல் நாட்டினார். 1899இல் நிலையம் அங்கே இயங்கத் தொடங்கியபோது ஸ்மித்தே அதன் முதல் தலைவரானார். சூரிய பிம்பத்தை நாள்தோறும் படம்பிடிக்கும் வழக்கம் அவர் காலத்தில் வேரூன்றியது. 1911இல் ஓய்வு பெற்றபின்னரும் தாயகம் திரும்பாது கோடைக்கானலிலேயே தங்கி, 1922ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் மறைந்தார்.

நூறாண்டுக்கு மேற்பட்ட அச்சூரியப் படங்களின் வரிசையை இன்றும் அறிஞர் ஆய்ந்து வருகின்றனர். தாம் எடுப்பித்த படங்கள் எவருக்கு, எதற்குப் பயன்படுமென அவர் முற்றும் அறிந்திருத்தல் இயலாது. எனினும் ஒழுங்கு தவறாது எடுப்பித்தார். கற்றோர்க்குரிய பொறுமை இதுவே யென நாம் எண்ணுகிறோம். மாணவ அன்பர்களே! இனி ஏற்காட்டிலேனும் நுமது ஊரிலேனும் நிலவு கோட்டை கட்டக் காண்பீராயின், படம் எடுப்பதோடு அமையாது, நாளையும் நேரத்தையும் அதன்கீழ் எழுதி வைப்பீராக.