இரு சக்கரமும் ஒரு கோடும்: கார்ல் ட்ரைஸ்

நம் விடுதி வாசலில் மாலையில் சாய்ந்து நிற்கும் சைக்கிள்களைப் பாருங்கள். பாட்டனார் காலத்து வண்டியும் நிற்கிறது. பாட்டரி பூட்டிய புது வண்டியும் அதன் தோளில் சாய்ந்து நிற்கிறது. கார்பன் இழைச் சட்டம், சங்கிலிக்குப் பதிலாகப் பெல்ட் என்று நாளைய சைக்கிளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டால், நம் பொறியியல் நண்பர்களுக்கு மெஸ் மணியும் காதில் விழுவதில்லை! இத்தனை மாற்றங்களிலும் மாறாதது ஒன்று உண்டு. ஒன்றன் பின் ஒன்றாக ஒரே கோட்டில் ஓடும் இரண்டு சக்கரங்கள்தாம் அது. அதை உலகுக்குத் தந்தவர் கார்ல் ட்ரைஸ் என்னும் ஜெர்மானியர். அவருக்கு உலகம் திருப்பித் தந்தது என்ன என்பதையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். அதில் மாணவர்களுக்கும் ஒரு பங்கு இருந்தது.

பாடன் நாட்டுத் தலைநகரான கார்ல்ஸ்ரூவில் 1785-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ல் ட்ரைஸ் பிறந்தார். பிரபுக் குடும்பம், தந்தை நாட்டின் உயர்நீதிபதி. மகன் ஹைடெல்பர்க் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் கட்டடக் கலையும் பயின்றுவிட்டு, வனத்துறை அதிகாரியானார். காட்டைக் காத்தாரோ இல்லையோ, கருவிகளைக் கனவு கண்டுகொண்டிருந்தார். 1813-ல் மனித ஆற்றலால் ஓடும் நான்கு சக்கர வண்டி ஒன்றைச் செய்தார். அது எடுபடவில்லை.

இதன் பிறகு 1816 வந்தது. கிழக்கிந்தியத் தீவுகளில் தம்போரா எரிமலை முந்தைய ஆண்டு கக்கிய சாம்பல் வானை மறைத்ததால், ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. பயிர் அழிந்தது, ஓட்ஸ் தானியத்தின் விலை ஏறியது. தீனி இல்லாமல் குதிரைகள் மடிந்ததைக் கண்டே ட்ரைஸ் குதிரையில்லா வண்டியை மீண்டும் நாடினார் என்று சிலர் எழுதுகிறார்கள். இது ஊகமே, நான்கு சக்கர வண்டி அதற்கு முன்பே பிறந்துவிட்டதல்லவா?

1817 ஜூன் 12-ல் அவர் மான்ஹைம் நகரிலிருந்து ஷ்வெட்சிங்கன் சாலையில் புறப்பட்டார். சுமார் 7 கிலோமீட்டர் தொலைவிலிருந்த குதிரை மாற்றும் சத்திரம் வரை சென்று திரும்பினார். ஒரு மணி நேரத்துக்குள் பயணம் முடிந்தது. வண்டி மரத்தாலானது, எடை 22 கிலோ அளவு, இரும்புப் பட்டை போட்ட சக்கரங்கள், அச்சில் பித்தளைப் பூண், பின் சக்கரத்துக்குப் பிரேக். மிதிகட்டை மட்டும் கிடையாது. சட்டத்தின் மேல் அமர்ந்து, கால்களால் தரையை மாறி மாறி உந்தி ஓட வேண்டும்.

மிதிகட்டை கூட இல்லாத வண்டியில் என்ன பெருமை என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். பெருமையே அங்குதான் இருக்கிறது. ஒரே கோட்டில் நிற்கும் இரண்டு சக்கரங்கள் விழாமல் ஓடும் என்பதை அந்நாளில் யார் நம்பியிருப்பார்கள்? இடப்புறம் சாய்ந்தால் முன் சக்கரத்தை இடப்புறமே திருப்ப வேண்டும், வண்டி நிமிர்ந்துவிடும். அப்படித் திரும்பும் முன் சக்கரம்தான் அவர் கண்டுபிடிப்பின் உயிர். கால்களைத் தரையிலிருந்து முழுவதும் எடுத்து மிதிகட்டையில் வைக்கும் துணிவு மனிதனுக்கு வர 1860-களில் பாரிஸ் வண்டிகள் தோன்ற வேண்டியிருந்தது. ஆளில்லாமல் தள்ளிவிட்டாலும் சைக்கிள் விழாமல் ஓடுவது எதனால் என்பதை அறிஞர்கள் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். சுழலும் சக்கரத்தின் விசையோ முன் சக்கரத்தின் சாய்வமைப்போ இன்றியமையாததன்று என்று 2011-ல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழகத்தார் ஒரு விந்தை வண்டி கட்டியே காட்டினார்கள்.

1818-ல் பாடன் அரசு அவருக்குத் தனியுரிமை வழங்கியது. இயந்திரவியல் பேராசிரியர் என்ற பட்டமும் அளித்தது. ஆனால் எல்லைக்கு அப்பால் எல்லாரும் வண்டியை நகல் செய்தார்கள். லண்டனில் டெனிஸ் ஜான்சன் அதே ஆண்டு திருத்திய வடிவம் ஒன்றைச் செய்து விற்றார். சாலைகளில் வண்டித்தடப் பள்ளம். ஆகவே ஓட்டியவர்கள் நடைபாதையில் ஏறினார்கள், நடப்பவர்கள் அலறினார்கள், நகரங்கள் தடை விதித்தன. மான்ஹைம், மிலான், லண்டன், நியூயார்க் என்று தொடர்ந்த அந்தத் தடை 1820-ல் நம் கல்கத்தாவையும் எட்டியது.

மேலும் பெரிய இடி வேறு திசையிலிருந்து வந்தது. 1819 மார்ச்சில் கார்ல் சாண்ட் என்ற மாணவர், கோட்ஸபு என்னும் நாடகாசிரியரை அரசியல் பகையால் மான்ஹைமில் குத்திக் கொன்றார். மறு ஆண்டு அவர் தலை வெட்டப்பட்டது. உயர்நீதிபதியான மூத்த ட்ரைஸ் மன்னிப்புக்குப் பரிந்துரைக்கவில்லை. சாண்டை வீரராகப் போற்றிய மாணவர்கள் தந்தைமீது கொண்ட சினத்தை மகன்மீது காட்டினார்கள்; போகுமிடமெல்லாம் சூழ்ந்து துன்புறுத்தினார்கள். சுதந்திரம் வேண்டிய இளைஞர்கள்தாம் அவர்கள். ஆயினும் செய்தது கொடுமையே. 1822-ல் ட்ரைஸ் பிரேசிலுக்குச் சென்று, ஐந்தாண்டு நில அளவை செய்து பிழைத்தார்.

திரும்பி வந்தும் கை சும்மா இருக்கவில்லை. முன்னரே எழுத்து விசைகள் கொண்ட தட்டெழுத்துப் பொறி செய்தவர், இப்போது சுருக்கெழுத்துப் பொறியும் விறகு மிச்சமாகும் அடுப்பும் செய்தார். தண்டவாளத்தில் மனிதர் இயக்கும் வண்டிக்கு ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் இன்றும் அவர் பெயர்தான்.

1849-ல் பாடனில் புரட்சி மூண்டது. ட்ரைஸ் தம் பிரபுப் பட்டத்தைத் துறந்து, வெறும் குடிமகன் கார்ல் ட்ரைஸ் என்று பத்திரிகையில் அறிவித்தார். தந்தையின் பெயரால் தம்மை வேட்டையாடியவர்கள் எந்த விடுதலையைப் பேசினார்களோ, அதன் பக்கமே அவர் நின்றார்! பிரஷ்யப் படை புரட்சியை நசுக்கியபின், அரசு ஆதரவாளர்கள் அவரைப் பைத்தியம் என்று சொல்லி அடைத்துவைக்க முயன்றார்கள். புரட்சியால் நேர்ந்த செலவுக்கென்று அவருடைய ஓய்வூதியமும் பறிக்கப்பட்டது. குடிகாரர், கிறுக்கர் என்ற பழிதான் நெடுநாள் நிலைத்தது. பின்வந்த வரலாற்று ஆசிரியர்கள் பழைய ஆவணங்களைத் தேடியெடுத்தே அதைத் துடைக்க வேண்டியிருந்தது.

1851 டிசம்பர் 10-ல் ட்ரைஸ் கார்ல்ஸ்ரூவில் வறுமையில் மாண்டார். 1891-ல் ஜெர்மன் சைக்கிள்காரர்கள் ஒன்றுகூடி அவருடைய எலும்புகளை நகரின் பெரிய இடுகாட்டுக்கு மாற்றி, நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அப்போது ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் வந்து ஆறு ஆண்டு. டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்து மூன்றே ஆண்டு.