ச. வெ. இராமனும் நிறவியலும்

சர் சந்திரசேகர வெங்கட இராமன் (நவம்பர் 7, 1888 - நவம்பர் 21, 1970) தமிழ்நாட்டில் பிறந்த இயற்பியலாளர் ஆவார். ஒளிச்சிதறலில் அவர் கண்டறிந்த இராமன் விளைவுக்காக 1930 ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளில் மனிதக் கண் நிறத்தை உணரும் முறையை அவர் தீவிரமாக ஆராய்ந்தார் என்பது அவ்வளவாக அறியப்படாத செய்தி. அவ்வாய்வில் அவர் மறுத்த முந்நிறக் கொள்கையே, இன்று படத்தொகுப்பு மென்பொருள்களில் நிறங்களைக் குறிக்கும் சிவப்பு-பச்சை-நீல எண்களுக்கு அடிப்படையாக உள்ளது.

இளமைக் காலம்

இராமன் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர், தாய் பார்வதி அம்மாள். தந்தை விசாகப்பட்டினத்தில் கல்லூரி விரிவுரையாளராகப் பணியேற்றதால் இராமனின் பள்ளிக் கல்வி அங்கு நிகழ்ந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் 1904 இல் இளங்கலைப் பட்டமும் 1907 இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். மாணவராக இருந்தபோதே, 1906 இல், ஒளியின் விளிம்பு விளைவு பற்றிய அவரது முதல் ஆய்வுக்கட்டுரை இலண்டன் இதழொன்றில் வெளியாயிற்று.

1907 இல் லோகசுந்தரி அம்மாளை மணந்தார். அதே ஆண்டு இந்திய நிதித்துறைப் பணியில் சேர்ந்து கல்கத்தா சென்றார். பகலில் அரசுக் கணக்குகளும், அலுவலக நேரத்திற்கு முன்னும் பின்னும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடமுமாகப் பத்தாண்டுகள் சென்றன. 1917 இல் அரசுப் பணியை விட்டுக் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

கடலின் நீலம்

1921 இல் இங்கிலாந்துப் பயணத்தின்போது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் இராமனைக் கவர்ந்தது. வானின் நீலத்தைக் கடல் எதிரொளிக்கிறது என்பதே இரேலி பிரபுவின் விளக்கம். இராமன் முனைவாக்கப் படிகம் ஒன்றின் வழியே நோக்கி நீர்ப்பரப்பின் எதிரொளிப்பை நீக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை, மேலும் தெளிவாயிற்று. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று முடிவு செய்தார். இதிலிருந்து தொடங்கிய ஆய்வுகளே 1928 பிப்ரவரி 28 அன்று, கே. எஸ். கிருஷ்ணனுடன் பணியாற்றிய காலத்தில், இராமன் விளைவுக்கு இட்டுச் சென்றன.

பெங்களூர்

1933 இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே. 1937 இல் இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகினாலும் 1948 வரை அங்குப் பேராசிரியராக இருந்தார். 1934 இல் இந்திய அறிவியல் அகாதமியை நிறுவினார். முத்துச்சிப்பியின் வானவில் பளபளப்பு, பனங்காடைச் சிறகின் நீலம் ஆகியவற்றை அவ்வாண்டில் ஆராய்ந்தார். இவை சாயப்பொருளால் மட்டும் தோன்றும் நிறங்கள் அல்ல, நுண்கட்டமைப்பால் தோன்றுபவை. பணி ஓய்வுக்குப் பின் தாம் நிறுவிய இராமன் ஆய்வு நிறுவனத்தில் மணிக்கற்களையும் கனிமங்களையும் திரட்டி வைத்தார். தோட்டத்தில் ரோசாச் செடிகள் வளர்த்தார். 1954 இல் பாரத ரத்னா விருது பெற்றார்.

முந்நிறக் கொள்கை மறுப்பு

கண்ணில் மூவகை உணரிகளே உள்ளன, எல்லா நிறங்களும் அவற்றின் கலவையே என்பது 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமசு யங் முன்வைத்த கருத்து. எல்மோல்ட்சும் மாக்சுவெல்லும் இதை வளர்த்தனர். மூன்று வடிகட்டிகள் வழியே எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தி, 1861 இல் மாக்சுவெல் வண்ணப் படம் காட்டினார்.

1960களில் இராமன் இதனை மறுத்தார். பூக்களையும் இலைகளையும் சிறு நிறமாலைக் கருவி வழியே நோக்கி, எந்தெந்தப் பகுதி ஒளி வருகிறது என்று குறித்தார். நிறமாலையின் ஒவ்வொரு நிறமும் தனித்த உணர்வு, அது ஒளித்துகளின் ஆற்றலோடு நேரடியாகத் தொடர்புடையது என்பது அவர் கருத்து. மஞ்சளுக்கு அவர் சிறப்பிடம் அளித்தார்.

ஆனால் 1964 இல் அமெரிக்காவில் இரு ஆய்வுக்குழுக்கள் தனித்தனிக் கூம்புச் செல்களின் ஒளி உட்கவர்தலை அளந்து, அவை மூவகையே எனக் காட்டின. அக்குழுக்களில் ஒன்றைச் சேர்ந்த சார்ச் வால்ட் 1967 இல் நோபல் பரிசு பெற்றார். இராமன் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. 1968 இல் வெளியான பார்வையின் உடலியங்கியல் பற்றிய நூலிலும் அதனையே வலியுறுத்தினார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பெங்களூரில் காலமானார்.

கணினித் திரையில் மஞ்சள்

கிம்ப், போட்டோசாப் போன்ற மென்பொருள்களில் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் பொதுவாக 0 முதல் 255 வரையிலான மூன்று எண்கள் உண்டு. இவ்வாறு 1,67,77,216 நிறங்களைக் குறிக்கலாம். மஞ்சளின் குறியீடு (255, 255, 0), அதாவது முழுச் சிவப்பும் முழுப் பச்சையும். பெரும்பாலான திரைகளில் மஞ்சளுக்கெனத் தனி ஒளிப்புள்ளி இல்லை. (2010 இல் சார்ப் நிறுவனம் அத்தகைய தொலைக்காட்சிகளை வெளியிட்டது; அம்முறை நிலைபெறவில்லை.) சோடிய விளக்கின் மஞ்சளோ ஏறத்தாழ 589 நானோமீட்டர் அலைநீளமுடையது. இரண்டும் வெவ்வேறு ஒளி. எனினும் கூம்புச் செல்களை ஏறக்குறைய ஒரே விகிதத்தில் தூண்டுவதால் கண் இரண்டையும் மஞ்சளாகவே காண்கிறது. இராமனின் கொள்கையால் இதனை எளிதில் விளக்க இயலாது.

ஆகவே நிறக் குறியீடு ஒளியின் அளவீடு அன்று, கண்ணின் துலங்கலைப் போலச் செய்யும் அளவீடு. வால்பாறைத் தேயிலைச் சரிவின் படமொன்றில் இளந்தளிரைச் சொடுக்கினால் (160, 185, 50) போன்ற எண்கள் கிடைக்கலாம். சிவப்பு எண் பச்சைக்கு அருகில் இருப்பது தளிர் சிவந்திருப்பதால் அன்று. தளிர் எதிரொளிக்கும் மஞ்சள் ஒளியின் பெரும்பங்கும் அவ்வெண்ணிலேயே சேர்கிறது. படத்தில் தளிர் வெளிறித் தோன்றினால் நீல எண்ணைக் குறைப்பதே மஞ்சளைக் கூட்டும் வழி.

மஞ்சள் கலவையாக உணரப்படுவதில்லை என்பதும் உண்மையே. எவால்ட் எரிங் 19 ஆம் நூற்றாண்டிலேயே இதனை வலியுறுத்தி, மஞ்சளும் நீலமும் எதிர் இணைகள் என்றார். கூம்புகளின் மூன்று குறிகைகளும் பின்னர் நரம்புகளில் அவ்வாறு எதிரெதிராக இணைக்கப்படுவது 20 ஆம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. 1976 இல் வரையறுக்கப்பட்ட லேப் நிறவெளியில் ஓர் அச்சு நீலத்திலிருந்து மஞ்சளுக்குச் செல்கிறது. போட்டோசாப்பில் இந்நிறவெளியைத் தெரிவு செய்து, மஞ்சளை ஒரே எண்ணால் கூட்டவோ குறைக்கவோ இயலும்.