முதல் தங்கம் வென்ற கேப்டன் ஃபைனலில் ஏன் இல்லை? ஜெய்பால் சிங் முண்டாவின் கதை

ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர் சுமார் ஒரு மணி நேரம். ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய்விடலாம் மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி ஸ்டேடியத்துக்கு. 2023 ஆகஸ்ட் 12 அன்று ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஃபைனல் அங்கேதான் நடந்தது. பாதி ஆட்டம் முடிந்தபோது மலேசியா 3-1 என்று முன்னிலை. கடைசியில் இந்தியா 4-3 என ஜெயித்தது. கேப்டன் ஹர்மன்பிரீத் சிங் களத்தில் நின்று அந்த வெற்றியை வாங்கிக் கொடுத்தார்.

கேப்டன் என்றால் ஃபைனலில் இருக்கத்தானே செய்வார், இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். ஆனால் இந்தியா ஒலிம்பிக் ஹாக்கியில் வென்ற முதல் தங்கத்தின் கதை வேறு. 1928 ஆம்ஸ்டர்டாமில் அணியின் கேப்டன் ஜெய்பால் சிங். ஃபைனல் நடந்த அன்று ஆடிய 11 பேரில் அவர் பெயர் இல்லை.

யார் இந்த ஜெய்பால் சிங்? அந்தப் போட்டிக்காக அவர் கொடுத்த விலை என்ன? அரசியல் சாசனத்துக்கும் அவருக்கும் என்ன தொடர்பு? சுருக்கமாகப் பார்ப்போம்.

எந்த ஊர்க்காரர்?

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலம், குந்தி மாவட்டம், டக்ரா கிராமம். 1903 ஜனவரி 3 அன்று ஒரு முண்டா பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தார். ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்து, சிறையில் இறந்த பிர்சா முண்டாவும் இதே வட்டாரத்துக்காரர்தான். பிர்சா இறந்து மூன்று வருடம்கூட ஆகாத நேரத்தில் ஜெய்பால் பிறக்கிறார்.

ராஞ்சியில் ஆங்கிலிக்கன் மிஷனரிகள் நடத்திய செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்தார். பையன் படிப்பிலும் கெட்டி, விளையாட்டிலும் கெட்டி. தலைமை ஆசிரியர் கேனன் காஸ்கிரேவ் அதைக் கவனித்தார். முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், இங்கிலாந்து திரும்பிய அவர் ஜெய்பாலையும் கூடவே அழைத்துப் போனார். கேன்டர்பரியில் செயின்ட் அகஸ்டின்ஸ் கல்லூரியில் சேர்த்தார். பையன் மத போதகராக ஊர் திரும்புவான் என்பது எதிர்பார்ப்பு. ஜெய்பாலின் வழி வேறாகப் போனது. 1922-ல் ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்குள் நுழைந்தார்.

கல்லூரி ஹாக்கியில் என்ன செய்தார்?

ஆக்ஸ்ஃபோர்டில் 'ப்ளூ' என்று ஒரு கௌரவம் உண்டு. கல்லூரி டீமில் இடம் கிடைத்தால் மட்டும் அது கிடைக்காது. பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, பரம எதிரியான கேம்பிரிட்ஜுக்கு எதிரான வருடாந்திர ஆட்டத்தில் களம் இறங்க வேண்டும். சீசன் முழுக்க ஆயிரம் ஆட்டம் ஆடியிருக்கலாம். அந்த ஒரு நாள் ஆட்டம்தான் கணக்கு. நம்மூர் பாஷையில் சொன்னால், லீக்கில் எத்தனை பாயிண்ட் எடுத்தாலும் ஃபைனல்தான் பேசும்.

அந்த ப்ளூவை ஹாக்கியில் பெற்ற முதல் இந்திய மாணவர் ஜெய்பால். ஃபுல்-பேக் நிலையில், அதாவது கோல்கீப்பருக்கு முன்னால் நிற்கும் கடைசி அரணாக ஆடினார். பந்தைத் தடுப்பதோடு நிற்காமல் அங்கிருந்தே ஆட்டத்தைத் தொடங்கி வைப்பதில் கில்லாடி என்று பேர் வாங்கினார். பிரிட்டிஷ் பத்திரிகைகளுக்கு விளையாட்டுக் கட்டுரைகளும் எழுதினார். 1926-ல் பொருளாதாரத்தில் பட்டம் பெற்று, அடுத்து ஐ.சி.எஸ். தேர்விலும் தேறினார்.

ஐ.சி.எஸ். என்றால் இன்றைய ஐ.ஏ.எஸ்.ஸின் முன்னோடி. ஆனால் அன்றைக்கு அதன் அதிகாரமே வேறு. நாட்டை ஆண்ட அந்தச் சின்னக் கூட்டத்துக்குள் இந்தியர்கள் நுழைவதே கஷ்டம். ஒரு முண்டா இளைஞர் நுழைவது யாரும் நினைத்துப் பார்க்காத காரியம். லண்டனில் இரண்டு வருட பயிற்சி முடித்தால் வேலை உறுதி.

லீவு கிடைக்கவில்லை, என்ன செய்தார்?

பயிற்சி நடந்துகொண்டிருந்தபோதுதான் ஆம்ஸ்டர்டாம் அழைப்பு வந்தது. இந்திய ஹாக்கி சம்மேளனம் 1925-ல்தான் தொடங்கியிருந்தது. ஒலிம்பிக்குக்கு முதல்முறையாக ஹாக்கி அணி அனுப்புகிறார்கள். பம்பாயிலிருந்து கப்பலில் கிளம்பிய அணியில் ஆங்கிலோ-இந்தியர்களே அதிகம். 22 வயது தியான்சந்த் அதில் ஒருவர். இங்கிலாந்தில் இருந்தபடியே அணியில் சேர்ந்த ஜெய்பாலுக்குக் கேப்டன் பொறுப்பு.

ஐ.சி.எஸ். பயிற்சியில் இருப்பவர் நினைத்த நேரத்தில் விளையாடப் போக முடியாது. லீவு கேட்டார். கிடைக்கவில்லை. ஆனாலும் கிளம்பிவிட்டார்.

இன்றைக்குப் படிக்கும்போது இது சினிமா காட்சி மாதிரி தெரியலாம். ஆனால் அவர் பின்னால் இருந்ததை நினைத்துப் பாருங்கள். பணக்கார அப்பா கிடையாது. சொத்து கிடையாது. டக்ராவிலிருந்து லண்டன் வரை வந்த பத்து வருடப் பயணத்தின் முடிவில் இருந்தது அந்த ஒரு வேலைதான்.

ஆம்ஸ்டர்டாமில் என்ன நடந்தது?

1928-ல் ஹாக்கியில் மொத்தம் 9 அணிகள்தான். இரண்டு பிரிவுகள். இன்று ஐ.பி.எல்.லில் இருப்பது போல குவாலிஃபையர், எலிமினேட்டர் எல்லாம் இல்லை, அரையிறுதிகூட இல்லை. பிரிவில் முதலிடம் பிடிக்கும் அணி நேராக ஃபைனலுக்குப் போகும். அதனால் ஒரு தோல்விகூட கதையை முடித்துவிடலாம்.

இந்தியாவின் கணக்கு இது: ஆஸ்திரியாவுடன் 6-0. பெல்ஜியத்துடன் 9-0. டென்மார்க்குடன் 5-0. சுவிட்சர்லாந்துடன் 6-0. நான்கு ஆட்டம், 26 கோல். எதிரணிகள் போட்டது பூஜ்யம்.

மே 26 அன்று ஃபைனல். எதிரே நெதர்லாந்து, அதுவும் அவர்கள் சொந்த மண்ணில். இந்திய அணியில் சிலருக்கு உடம்பு சரியில்லை அல்லது காயம். தியான்சந்தே காய்ச்சலோடுதான் இறங்கினார். ஜெய்பாலோ அதற்கு முன்பே அணியை விட்டு விலகியிருந்தார். அணி நிர்வாகத்தோடு ஏற்பட்ட உரசல்தான் காரணம் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். எரிக் பின்னிகர் தலைமையில் இறங்கிய இந்தியா 3-0 என ஜெயித்தது. ஐந்து ஆட்டம், 29 கோல், ஒன்றுகூட வாங்கவில்லை. தியான்சந்த் மட்டும் 14 கோல்.

இந்தியாவின் முதல் ஒலிம்பிக் ஹாக்கி தங்கம் என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் தியான்சந்த். அது நியாயம்தான். கேப்டன் பெயர் மட்டும் மெல்ல அடிக்குறிப்புக்குப் போய்விட்டது.

வேலை என்ன ஆனது?

லண்டன் திரும்பியதும் அதிகாரிகள் சொன்னது: அனுமதியில்லாமல் போனதால் பயிற்சியை இன்னும் ஒரு வருடம் நீட்டிக்க வேண்டும். பொறுத்துக்கொண்டிருந்தால் மாவட்ட ஆட்சியர் நாற்காலி நிச்சயம். ஜெய்பால் மறுத்து, ஐ.சி.எஸ்.ஸையே விட்டுவிட்டார்.

அதன்பின் பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலை. காங்கிரஸின் முதல் தலைவர் டபிள்யூ.சி. பானர்ஜியின் பேத்தி தாராவுடன் திருமணம். இன்றைய கானாவில் உள்ள அச்சிமோட்டா கல்லூரியில் ஆசிரியர். பிறகு ராய்ப்பூர் ராஜ்குமார் கல்லூரி, பிகானீர் சமஸ்தானத்தில் அமைச்சர் பதவி. ரெஸ்யூமே பளபளவென்று இருந்தது. ஆனால் ஊரில் இருந்தவர்கள் நிலைமை அப்படியே இருந்தது: நிலம் கைமாறிப் போகிறது, காட்டில் உரிமை இல்லை, நிர்வாகத்தில் ஆளே இல்லை.

1939 ஜனவரியில் ராஞ்சியில் நடந்த ஆதிவாசி மகாசபைக்கு அவர் தலைவரானார். 20 வருடத்துக்கு முன் கடல் கடந்துபோன பையன் கோட்டு சூட்டோடு திரும்பி வந்தபோது, கூட்டம் கூட்டமாக நடந்தே வந்தார்கள் கிராம மக்கள். 'மராங் கோம்கே' என்று பெயர் வைத்தார்கள். பெரிய தலைவர் என்று அர்த்தம்.

அரசியல் சாசனத்தில் அவர் பங்கு என்ன?

1946-ல் அரசியல் நிர்ணய சபைக்குப் பீகாரிலிருந்து தேர்வானார். அந்த ஆண்டு டிசம்பர் 19 அன்று அவர் ஆற்றிய உரை இன்றும் பேசப்படுகிறது. தன்னை ஒரு காட்டுவாசி என்று பெருமையோடு அறிமுகப்படுத்திக்கொண்டார். ஜனநாயகத்தைப் பழங்குடிகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, அவர்களிடமிருந்துதான் மற்றவர்கள் கற்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். சபையில் ஆண்களே அதிகம் என்றும் சுட்டிக்காட்டினார்.

பழங்குடிப் பகுதிகளின் நிர்வாகம் பற்றி ஆராய்ந்த, தக்கர் பாபா தலைமையிலான துணைக் குழுவிலும் அவர் உறுப்பினர். மதுவிலக்கு விவாதம் வந்தபோது எதிர்த்தார். அரிசியிலிருந்து காய்ச்சும் பானம் பழங்குடிகளின் சடங்கோடும் வயல்வேலையோடும் கலந்தது என்று விளக்கினார். 'ஆதிவாசி' என்ற சொல்லே சாசனத்தில் வர வேண்டும் என்று போராடினார். அதில் தோற்றார். 'பட்டியல் பழங்குடி' என்ற சொல்தான் நிலைத்தது.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் பாம்புப் பண்ணை பார்த்திருப்பீர்கள். அதை நடத்துவது இருளர் கூட்டுறவுச் சங்கம். இருளர்கள் பட்டியல் பழங்குடியினர். ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய சட்டமன்றத் தொகுதிகள் பழங்குடிகளுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதும், தமிழ்நாட்டில் பழங்குடியினர் ஆலோசனைக் குழு என்று ஒன்று இருப்பதும் அந்தச் சாசனத்தின் வழியாக வந்தவை. ஜெய்பால் ஒருவரால் மட்டும் வந்ததல்ல. ஆனால் அந்த விவாதங்களில் பழங்குடித் தரப்பில் ஓயாமல் ஒலித்த குரல் அவருடையது.

தனி மாநிலம் ஏன் கிடைக்கவில்லை?

ஆதிவாசி மகாசபை பிறகு ஜார்க்கண்ட் கட்சியானது. 1952 தேர்தலில் பீகார் சட்டமன்றத்தில் 32 இடங்களைப் பிடித்து முக்கிய எதிர்க்கட்சியானது. ஜெய்பால் நாடாளுமன்றம் போனார். கோரிக்கை ஒன்றே: பழங்குடிகளுக்குத் தனி மாநிலம்.

1953 இறுதியில் மாநில மறுசீரமைப்பு ஆணையம் அமைந்தது. அது மொழிவாரி மாநிலங்களின் காலம். கொஞ்ச காலம் கழித்து, 1960-ல், திருத்தணி ஆந்திராவிலிருந்து வந்து அப்போதைய செங்கற்பட்டு மாவட்டத்தில் சேர்ந்ததும் அதே அலையில்தான். ஜார்க்கண்டின் சிக்கல் என்னவென்றால், அங்கே பொதுமொழி ஒன்று இல்லை. முண்டாரி, சந்தாலி, ஹோ, குரூக் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு மொழி. பழங்குடிகள் அந்தப் பகுதியில் பெரும்பான்மையும் இல்லை. 1955-ல் ஆணையம் கோரிக்கையை நிராகரித்தது.

அதன்பின் கட்சி இறங்குமுகம். 1962-ல் இடங்கள் 20 ஆகச் சுருங்கின. 1963-ல் ஜெய்பால் கட்சியைக் காங்கிரஸோடு இணைத்தார். உள்ளே இருந்து சாதிக்கலாம் என்ற கணக்கு பலிக்கவில்லை. கூடவே நடந்து வந்தவர்களில் பலர் இதைத் துரோகமாகவே பார்த்தார்கள். டெல்லியிலேயே இருந்துவிட்டார், கிராமத்துப் பக்கம் வருவது குறைந்துவிட்டது என்ற குற்றச்சாட்டும் உண்டு. 1928-ல் ஒரு வருடப் பயிற்சிக்கு இணங்காத மனிதர் 35 வருடம் கழித்து ஏன் இணங்கிப்போனார் என்பது இன்றும் ஜார்க்கண்டில் விவாதிக்கப்படும் கேள்வி.

1970 மார்ச் 20 அன்று டெல்லியில் காலமானார். அப்போதும் அவர் எம்.பி.

இப்போது எங்கே இருக்கிறார் ஜெய்பால்?

2000 நவம்பர் 15, பிர்சா முண்டாவின் பிறந்தநாளில் ஜார்க்கண்ட் தனி மாநிலமானது. ஜெய்பால் இறந்து 30 வருடம் கழித்து. இந்த ஃபைனலிலும் கேப்டன் இல்லை.

ராஞ்சியில் அவர் பெயரில் ஸ்டேடியம் இருக்கிறது. பழங்குடி மாணவர்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் படிக்க ஜார்க்கண்ட் அரசு கொடுக்கும் உதவித்தொகைக்கும் அவர் பெயர்தான். ஒரு தலைமை ஆசிரியரின் தயவில் அவர் கப்பலேறினார். இப்போது அது அரசுத் திட்டம், விண்ணப்பம் போட்டுக் கேட்கலாம்.

ஹாக்கியும் அந்த மண்ணை விட்டுப் போகவில்லை. 2016-ல் ஜார்க்கண்டிலிருந்து ஒலிம்பிக் சென்ற முதல் ஹாக்கி வீராங்கனை நிக்கி பிரதான், ஜெய்பால் பிறந்த அதே குந்தி மாவட்டத்துக்காரர். 2024-ல் இந்தியப் பெண்கள் அணிக்குக் கேப்டனான சலீமா டெட்டே பக்கத்திலுள்ள சிம்டேகா. அங்கே இன்றும் பிள்ளைகள் மூங்கிலை வளைத்து மட்டை செய்துதான் ஆடத் தொடங்குகிறார்கள்.

அடுத்த முறை எழும்பூரில் ஒரு ஹாக்கி ஃபைனல் பார்க்கப் போனால், டாஸ் போட வரும் கேப்டனைப் பார்க்கும்போது ஜெய்பாலையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். லீவு மட்டும் முன்கூட்டியே சொல்லி வாங்கிவிடுங்கள்!