ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார்

திருவண்ணாமலை, ஞானியர் பலரைத் தன்பால் ஈர்த்த திருத்தலம் என்பதை யாவரும் அறிவர். 1896-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் முதல் நாள் இம்மலையடிவாரம் வந்து சேர்ந்த வேங்கடராமன் என்னும் இளைஞர், பின்னர் ரமண மகரிஷி எனப் போற்றப்பெற்று, 1950-இல் சமாதியடையும்வரை இவ்வூரைவிட்டு அகலாதிருந்தார். அவரை நாடி வந்தோருள் அயல்நாட்டு அறிஞரும், செல்வரும், ஏழை எளியவரும் அடங்குவர். செஞ்சி வழியாகத் திண்டிவனப் பக்கத்திலிருந்து வந்த ஓர் உழவரும் அவர்களுள் ஒருவர். முழங்கால்வரை கதர் வேட்டியும் எளிய சட்டையும் பூண்டு, கூட்டத்தினிடையே தாமும் ஒருவராய் அமர்ந்திருக்கும் இயல்பினர். அவரே சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியாய் விளங்கிய ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆவர். அவருடைய பொதுவாழ்வை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

ரெட்டியார், தென்னார்க்காட்டு ஜில்லாவில் திண்டிவனத்துக்கு அண்மையிலுள்ள ஓமந்தூரில், 1895-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், நிலமுடைய வேளாண் குடியில் பிறந்தார். திண்டிவனத்தில் ஆர்க்காட்டு மிஷனார் நடாத்திய வால்ட்டர் ஸ்கடர் பள்ளியில் கல்வி பயின்றார். கல்லூரிப் பட்டம் பெற்றவரல்லர். வழக்கறிஞர் தொழில் அறிந்தவருமல்லர். அந்நாளில் சட்டசபையில் அமர்ந்தோருள் பெரும்பாலார் ஆங்கிலப் புலமையாலோ, ஜமீன் செல்வத்தாலோ மேல்நிலை எய்தியோர் என்பதை நினைவிற்கொண்டால், இக்குறிப்பின் பொருள் விளங்கும். ஏரும் எருவும், மழையும் வறட்சியும், கிஸ்தியும் கடனும் இவர் தம் அநுபவத்தால் அறிந்த பாடங்கள்.

காந்தியடிகளின் இயக்கம் நாட்டுப்புறங்களிற் பரவியபோது ரெட்டியார் அதில் ஈடுபட்டார், சிறைவாசமும் ஏற்றார். 1930-களின் இறுதியில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பெற்றார். ஆயினும் கட்சித் தந்திரங்களிற் கைதேர்ந்தவர் என்று அவரை எவரும் கூறியதில்லை. சொன்ன சொல்லைக் காப்பவர், பிறர் பொருளைத் தீண்டாதவர் என்பதே அவருக்கிருந்த முதலீடு.

1946-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப்பின் ஆந்திர கேசரி பிரகாசம் முதன்மந்திரியானார். கட்சிக்குள் எழுந்த பிணக்கினால் அவர் ஓராண்டுகூட நீடிக்கவில்லை. பல குழுக்களாகப் பிரிந்திருந்த கட்சியில், எக்குழுவினரும் ஐயுறாத ஒருவரை நாடியபொழுது, காமராஜர் முதலியோரின் ஆதரவுடன் ரெட்டியார் தலைவராக்கப்பட்டார். 1947-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் பதவியேற்றார். ஐந்து திங்களுக்குள் நாடு விடுதலை பெற்றது. அவ்வகையில், சுதந்திர இந்தியாவில் சென்னை மாகாணத்தின் முதல் முதன்மந்திரி என்னும் பெருமை ஓர் உழவருக்கே வாய்த்தது.

ரெட்டியார் கொள்கையளவிற் பழமைப் பற்றுடையவர். தெய்வ வழிபாடு, புலால் மறுத்தல், கதர், சிக்கனம், மதுவிலக்கு ஆகியவற்றை உயிரெனக் கொண்டவர். அத்தகையவர் ஆட்சியில் மாறுதல் ஒன்றும் நிகழாது என்று பலர் எண்ணியிருத்தல் கூடும். நிகழ்ந்ததோ அதற்கு மாறானது.

முதலாவது, ஆலயப் பிரவேசம். 1936-இல் திருவிதாங்கூர் மன்னரின் பிரகடனமும், 1939-இல் வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நிகழ்ந்த பிரவேசமும் வழிகாட்டியிருந்தன. எனினும் 1939-ஆம் ஆண்டுச் சட்டம், கோயில்களைத் திறந்துவிட அனுமதி அளித்ததேயன்றி, திறந்தே ஆகவேண்டுமென விதிக்கவில்லை. 1947-இல் இயற்றப்பெற்ற ஆலயப் பிரவேசச் சட்டமோ, இந்துக்களுள் எவ்வகுப்பினரையும் பிறப்புக் காரணமாகத் தடுத்தல் கூடாதென மாகாணம் முழுமைக்கும் உரிமையை நிலைநாட்டியது. திருவண்ணாமலை போன்ற பெருங்கோயில்களின் இராஜகோபுரத்திற்கு வெளியே நின்று, உள்ளிருக்கும் இறைவனைக் கும்பிட்டுச் சென்ற மக்கள், சட்டத்தின் துணையுடன் உள்ளே செல்லும் நிலை பிறந்தது. கோயிலை வெறுத்தவர் இதனைச் செய்யவில்லை. கோயிலைத் தம் வாழ்வின் நடுவே வைத்திருந்தவர் செய்தார் என்பதே கருதத்தக்கது. தாம் பெரும்பேறெனக் கருதிய ஒன்றைப் பிறருக்கு மறுப்பது பக்தியாகாது என்பது அவர் துணிபு போலும்.

இரண்டாவது, பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1927 முதற்கொண்டு சட்டசபையிலும் வெளியிலும் போராடியதன் பயன், இருபதாண்டு கழித்து, 1947-ஆம் ஆண்டுத் தேவதாசி ஒழிப்புச் சட்டமாகக் கனிந்தது. 1949-இல் இந்துக்களிடையே இருதார மணத்தைத் தடுத்து, மணவிலக்கிற்கு வழிசெய்யும் சட்டமும் இம்மாகாணத்தில் இயற்றப்பட்டது. இந்தியா முழுமைக்கும் இந்து மணச் சட்டம் வந்தது 1955-ஆம் ஆண்டிலேதான்.

மூன்றாவது, ஜமீன் ஒழிப்பு. 1802-ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரித் திட்டத்தால் தோன்றிய ஜமீன்தார்கள், அரசாங்கத்திற்குக் குறித்ததொரு பேஷ்குஷ் செலுத்திவிட்டு, குடிகளிடம் அதனினும் பன்மடங்கு வாரம் தண்டினர். முன்னொரு காலத்தில் பானகல் ராஜாவும் பொப்பிலி ராஜாவும் அமர்ந்த நாற்காலியில் ரயத்து ஒருவர் அமர்ந்து, முதற்கண் 1947-இல் வாரக் குறைப்புச் சட்டத்தையும், அடுத்து 1948-இல் எஸ்டேட்டுகளை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றும் சட்டத்தையும் நிறைவேற்றுவித்தார். இதிலும் அவருடைய நிதானம் புலப்படுகின்றது. நிலத்தைப் பறிமுதல் செய்யவில்லை, நஷ்டஈடு வகுத்தார். மிகப்பெரிய எஸ்டேட்டுகளுக்கு ஆண்டு வருமான அடிப்படைத் தொகையின் 12½ மடங்கும், மிகச் சிறியவற்றிற்கு 30 மடங்கும் எனப் படிமுறையாக அமைந்தது அவ்வேற்பாடு. பெரியவர் குறைந்த மடங்கும் சிறியவர் மிகுந்த மடங்கும் பெறுதல் நீதியென அச்சட்டம் கொண்டது. ஆயினும் ரயத்துவாரிப் பட்டாதாரரின் கீழ் உழைத்த குத்தகையாளரையும் பண்ணையாட்களையும் அச்சட்டம் எட்டவில்லை. அவர்தம் குறை பின்னவர்க்கு விடப்பட்டது.

நான்காவது, உத்தியோக ஒதுக்கீடு. 1947-இல் வகுப்புவாரி ஆணையைத் திருத்தி, பதினான்கு இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, பிராமணருக்கு 2, கிறிஸ்தவர் ஆங்கிலோ-இந்தியருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என வகுத்தனர். பிற்பட்டோர் என்னும் பிரிவு தனியே கணக்கிடப்பட்டது இத்திருத்தத்தின் புதுமை. இவ்வாணை 1951-இல் உச்சநீதிமன்றத்தாற் செல்லாதாக்கப்பட, அதன் விளைவாகவே அரசியலமைப்பின் முதல் திருத்தம் பிறந்தது.

இவற்றையெல்லாம் கண்டு சினந்தோர், இவரைத் தாடியில்லாத இராமசாமி நாயக்கர் என ஏளனஞ் செய்தனர். ஆனால் தாடியுள்ள இராமசாமியாரின் கருஞ்சட்டைப் படையை 1948-இல் தடைசெய்ததும் இவருடைய அரசாங்கமே என்பதை மறத்தலாகாது. அவ்வாண்டிலேயே பள்ளிகளில் ஹிந்தியைப் புகுத்த முயன்று, மறைமலையடிகள், திரு. வி. க. போன்ற தமிழறிஞரின் எதிர்ப்பையும் தேடிக்கொண்டது. விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டோர் பலர். ஒழுங்கைக் காப்பது அரசின் முதற் கடமை என்று ரெட்டியார் நம்பியிருக்கலாம். எனினும் மாற்றுக் கருத்துக்கு இடமளிப்பதிலும் ஆட்சியின் அறம் அடங்கியுள்ளதாகலின், இப்பகுதியைப் புகழ்ந்துரைக்க நம்மால் இயலவில்லை.

1948-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்தபின் வந்த முதற் பிறந்த நாளன்று, மதுவிலக்கு மாகாணம் முழுவதும் பரவியது. கள்ளுக்கடை வருமானத்தை இழந்த கஜானாவிற்கு வேறு வரிகளால் ஈடுசெய்ய வேண்டியதாயிற்று. உழவர் குடும்பம் அழியாதிருக்க அதனையும் ஏற்றனர். இந்நிலை 1971-ஆம் ஆண்டுவரை நீடித்தது. கல்வியமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியாரின் பொறுப்பில், 1949-இல் பாரதியார் நூல்களின் உரிமையை அரசாங்கம் பெற்றதும் இவர் ஆட்சியில் நிகழ்ந்ததே. பிற்பாடு அவை நாட்டுடைமையாகி, எவரும் அச்சிட்டு வழங்கத்தக்க பொதுச் சொத்தாயின.

இத்துணை செய்தவர் ஏன் நிலைக்கவில்லை? அவருடைய நேர்மையே அவருக்குப் பகையாயிற்று. சட்டசபை உறுப்பினர்கள் அதிகாரிகளிடம் சென்று லைசென்சுக்கும் மாற்றலுக்கும் சிபாரிசு செய்வதை அவர் சிறிதும் பொறுக்கவில்லை. அவர்களது வாக்கினாலேயே தாம் தலைவராயிருப்பதை அறிந்தும் பொறுக்கவில்லை. இணங்கிப்போதலும் அரசியலில் ஒரு திறமை. அத்திறமை அவரிடம் இல்லை. அதிருப்தி வளர்ந்தது, முன்பு துணைநின்ற காமராஜரும் விலகினார். 1949-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் குமாரசாமி ராஜா முதன்மந்திரியானார். ரெட்டியார் வந்தபடியே திரும்பினார். இரண்டாண்டு ஆட்சியில் தமக்கென ஒன்றும் சேர்த்ததில்லை.

பிற்காலத்தில் வடலூரை உறைவிடமாகக் கொண்டார். இராமலிங்க அடிகள் 1867-இல் ஏற்றிய தருமசாலை அடுப்பு அணையாது எரியும் அவ்வூரில், சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவி, கிராமத்துச் சிறாரின் கல்விக்கும் ஆதரவற்றோர் வாழ்வுக்கும் உழைத்தார். 1970-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் மறைந்தார். சென்னையில் ஓமந்தூரார் தோட்டம் என அரசு அவர் பெயரை நிறுவியது. 2010-இல் அங்கே திறக்கப்பட்ட புதிய சட்டமன்ற மாளிகை, 2014-இல் மருத்துவமனையாக மாற்றப்பெற்றது. சட்டசபையாரின் தொல்லையால் வெளியேறியவர் பெயர், சட்டசபைக்கன்றி நோயாளிகளுக்கு நிழலாய் அமைந்தது பொருத்தமே.

மாணவ நண்பர்களே, பழமையைப் போற்றுவோர் முன்னேற்றத்திற்குப் பகைவர் என்றும், புதுமை பேசுவோர் யாவரும் நன்மை செய்வோர் என்றும் எளிதில் முடிவுகட்டிவிடுகிறோம். ரெட்டியாரின் வாழ்வு அம்முடிவை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகின்றது. தாம் வழிபட்ட கோயிலின் கதவைத் தாமே பிறர்க்குத் திறந்துவிட்டார்; நிலத்தைத் தொழுத குடியிற் பிறந்து, அந்நிலத்தின்மீதிருந்த பழஞ்சுமையை இறக்கினார். அவர் தவறிய இடங்களும் உண்டு. அவற்றையும் மறையாது கற்போம். கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சியைக் காணச் செல்லும்போது, சாதி வேறுபாடின்றி எல்லாரும் கோபுர வாயிலுக்குள் நுழையும் காட்சியைச் சற்றே நின்று நோக்குங்கள். அவ்வாயிலைச் சட்டத்தால் திறந்த ஓர் உழவரின் நினைவு அப்போது நமக்கு எழுதல் வேண்டும்.