புளூடூத்துக்குள் ஒரு ஹாலிவுட் நடிகை: யார் இந்த ஹெடி லமார்?

வீட்டு விளக்கு, ஃபேன், கதவு சென்சார் எல்லாவற்றையும் போனிலிருந்தே இயக்க ஜிக்பீ அடாப்டர் வாங்குவதா, புளூடூத்தே போதுமா? இந்தக் கேள்விக்குள் ஒரு நடிகையின் கதை ஒளிந்திருக்கிறது. வைஃபையின் தாய் என்று வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளில் வரும் ஹெடி லமார்தான் அவர். அந்தப் பட்டம் கொஞ்சம் ஓவர்! ஆனால் அவர் செய்தது சின்ன விஷயமில்லை.

1914-ல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஹெட்விக் கீஸ்லர். 18 வயதில் ஆயுத ஆலை அதிபர் ஃப்ரிட்ஸ் மாண்டலுடன் கல்யாணம். 1937-ல் அந்தக் கணவரை விட்டு ஓடிவந்தார். ஹாலிவுட்டின் எம்ஜிஎம் ஸ்டுடியோ அவரை ஹெடி லமார் ஆக்கியது. அழகியாக மட்டுமே விளம்பரம் செய்தது. ஷூட்டிங் முடிந்து வீட்டுக்கு வந்தால் அவர் உட்கார்ந்தது வரைபட மேஜையில்.

இரண்டாம் உலகப் போர் நேரம். ரேடியோவில் இயக்கும் டார்பிடோவுக்கு ஒரு சிக்கல் உண்டு. அது கேட்கும் அலைவரிசையில் எதிரி இரைச்சலைக் கிளப்பினால் போதும், குறி தப்பிவிடும். சரி, அலைவரிசையை மாற்றிக்கொண்டே இருந்தால்? யோசனை அவருக்கு முன்பே சிலருக்கு வந்ததுதான். அனுப்பும் கருவியும் டார்பிடோவும் ஒரே நேரத்தில் எப்படித் தாவும் என்பதில்தான் சூட்சுமம்.

அதற்குக் கைகொடுத்தவர் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தீல். தானாக வாசிக்கும் பியானோக்கள் பலவற்றை ஒத்து இசைக்க வைக்க மெனக்கெட்டவர். அந்தப் பியானோவில் இருப்பதுபோலத் துளையிட்ட காகிதச் சுருள் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுழலும். துளை சொல்லும் அலைவரிசைக்கு இரண்டும் தாவும். பியானோ கட்டைகளைப் போலவே 88 அலைவரிசைகள். 1942 ஆகஸ்ட் 11-ல் காப்புரிமை கிடைத்தது.

அமெரிக்கக் கடற்படை அதைப் பயன்படுத்தவில்லை. லமார் போர் நிதிப் பத்திரம் விற்கப் போனார், கோடிக்கணக்கில் விற்றும் கொடுத்தார். காப்புரிமை 1959-ல் காலாவதியானது. கையில் காசு எதுவும் வரவில்லை.

இன்று ஹெட்செட்டில் பாட்டு கேட்கும்போது புளூடூத் 79 சேனல்களுக்குள் நொடிக்கு 1,600 முறை வரை தாவுகிறது. காகிதச் சுருள் போய் சிப் வந்துவிட்டது. இப்போதைய வைஃபை வேறு வழியில் வேலை செய்கிறது. ஜிக்பீயும் தாவாது, 2.4 கிகாஹெர்ட்ஸில் உள்ள 16 சேனல்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருக்கும். அதனால் ஜிக்பீ அடாப்டர் வாங்குபவர்கள் வைஃபை ரவுட்டரோடு மோதாத சேனலாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கணும். கம்ப்யூட்டரில் நேரடியாகச் செருகாமல் ஒரு யூஎஸ்பி நீட்டிப்பு கேபிளில் தள்ளி வைப்பதும் நல்லது. யூஎஸ்பி 3.0 போர்ட்டின் இரைச்சலும் இதே அலைவரிசையில்தான் விழுகிறது.

1997-ல் எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் லமாருக்கும் ஆன்தீலுக்கும் விருது அறிவித்தது. ஆன்தீல் இறந்து அப்போதே 38 வருஷம் ஆகியிருந்தது. 82 வயது லமார் வெளியே வருவதையே நிறுத்தியிருந்தார். விருதை மகன் போய் வாங்கினார். 2000 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் லமார் இறந்தார். அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் பட்டியலில் அவர் பெயர் ஏறியது 2014-ல்.