நெய்யூர் டாக்டர் சோமர்வெல் தரும் படிப்பினை

பித்தப்பை அறுவையை டாக்டர் பாதியில் நிறுத்தினால் நாம் கோபப்படுகிறோம். நம் நெய்யூரில் பணிபுரிந்த டாக்டர் சோமர்வெல்லின் வாழ்வை அறிந்தால் அந்தக் கோபம் தணியும்.

இங்கிலாந்தில் 1890-ல் பிறந்தவர். 1922 எவரெஸ்ட் பயணம் முடிந்து நெய்யூர் மிஷன் மருத்துவமனையைப் பார்க்க வந்தார். நோயாளிகள் கூட்டத்தைக் கண்டு இங்கேயே பணிபுரிய முடிவெடுத்தார். இரைப்பை, குடல்புண் அறுவையில் பெயர் பெற்றார். 1924-ல் மீண்டும் எவரெஸ்ட் ஏறியவர், சுமார் 8,500 மீட்டர் உயரத்தில் தொண்டை பாதிப்பால் நின்றுவிட்டார். சிகரம் அருகில் இருந்தும் மேலே போகவில்லை. அதனால்தான் நாஞ்சில் நாட்டுக்கு அவர் பல்லாண்டுகள் கிடைத்தார். 1975-ல் காலமானார்.

பித்தக்குழாய்களின் அமைப்பு எல்லோருக்கும் ஒன்றல்ல. பித்தப்பையின் குழாய் எது, கல்லீரலிலிருந்து வரும் பொதுக்குழாய் எது என்று தெளியாமல் வெட்டினால் ஆபத்து. அங்கே நிறுத்துபவர் தோற்றவரல்ல. நம் உயிரை அமானிதமாகக் காத்தவர்.